ஒரே ஓட்டில் தோற்ற வக்கீல்

எட்டு மாதத்தில் ஒன்றரைச் சட்டப் புத்தகம் படித்து வக்கீலானவன் நான். கென்டக்கியில் அன்று அதுவே அதிகப் படிப்பு. இந்தத் தகுதியோடு, ஆசகேல் டிரிம்பிள் ஆகிய நான், 1814இல் சட்டசபைக்கு நின்றேன்.

அப்போது என் கையில் இருந்தது ஒரே வழக்கு. துணி வெளுக்கும் கெசையாவுக்குப் பழைய எஜமானி விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தாள். அதை அடுப்பில் போட்டுவிட்டு, அவள் தன் அடிமை என்றார் கர்னல் ஹாஸ்கெட். ஒரு மனுஷியை விறகுக்கட்டைபோல உரிமை கொண்டாடும் ஊரில்தான் நாங்கள் சுதந்திர தினமும் கொண்டாடினோம். அந்த விழாவில் முழங்கியவனும் நான்தான்.

எங்கள் ஊரில் தேர்தல் மூன்று நாள் நடக்கும்; ஓட்டை வாயால் போட வேண்டும். ஷெரீப் முன்னால் பெயரை உரக்கச் சொன்னதும், அந்தப் பெயருக்குரியவர் எழுந்து நன்றி சொல்வார். வேட்பாளர் தன் ஓட்டை எதிராளிக்குப் போடுவது மரியாதை. நான் முதல் நாளே தொப்பியைக் கழற்றி, "லெமுவல் பர்டி" என்றேன். பர்டி தன் ஓட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் மாலை நான் ஆறு ஓட்டு முன்னால். கர்னல் தன் குத்தகைக்காரர் ஐந்து பேருடன் வந்து சேர்ந்தார்.

"வக்கீலே, அந்தப் பொம்பள கேஸ விட்டுடு. ஆறு பேரும் உன் பேரச் சொல்றோம்."

"யோசிக்கணும் கர்னல்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அவளுக்கு ஓட்டா இருக்கு?"

உண்மையிலேயே யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். சட்டசபைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய கோட்டின் நிறம்வரை யோசித்தாகிவிட்டது. அந்தக் கேள்விதான் சுருக்கென்றது.

"இல்ல. அதனாலதான் வக்கீல் வச்சிருக்கா."

இப்படிச் சொன்ன பெருமை ஆறு ஓட்டும் பர்டிக்கு விழுந்து முடியும்வரை நீடித்தது. இப்போது இருவரும் சமம். பர்டி எழுந்தார். "லெமுவல் பர்டி" என்றார். பிறகு தனக்குத்தானே குனிந்து நன்றியும் சொல்லிக்கொண்டார்.

"உன் பேர நீயே சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பய்யா," என்றார் ஷெரீப்.

தோற்றவனுக்கு வேறு வேலை இல்லை. இரண்டு நாள் குதிரையில் போய், பழைய எஜமானி வாழ்ந்த ஊரின் கோர்ட்டுப் பதிவேட்டைப் புரட்டினேன். பத்திரத்தின் நகல் அங்கே இருந்தது. எந்த வக்கீலும் முதல் வாரமே தேடியிருக்க வேண்டிய இடம். நான் ஓட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்.

நீதிபதி அதைப் படித்தார். கெசையா விடுதலையானாள்.

"அடுத்த வருஷமும் நிப்பீங்களாய்யா?" என்று கேட்டாள்.

"நிக்கலாம்னு இருக்கேன்."

"இந்தப் பத்திரத்துல எம் பேரு மட்டுந்தான் இருக்கு. எம் பொண்ணு இன்னும் கர்னல் வீட்லதான் கெடக்கா. அத முடிச்சுட்டு நில்லுங்க."

மகளின் வழக்கு நான்கு வருஷம் இழுத்தது. நான் சட்டசபைக்குப் போனது அதற்கும் பிறகு.