சிங்கப்பூருக்குப் போன நண்டுகள்

எண்ணூரில் என் வீட்டுக்காரரும் நானும் களி நண்டு வாங்கி, கொடுக்கைக் கட்டி, உயிரோடு விமானத்தில் சிங்கப்பூருக்கு அனுப்ப ஆரம்பித்தோம். முதல் தடவையே பாதிக்கு மேல் செத்துப் போனது. அங்கே வாங்குகிறவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். காலெல்லாம் தொங்கிப்போய்க் கிடந்தன.

மீனம்பாக்கத்தில் எங்கள் சரக்கை ஏற்றிவிடும் ஏஜெண்டுக்குப் போன் போட்டேன்.

“ஃப்ளைட்டு நாலரை மணி நேரம்தாம்மா. அதுக்குள்ள சாகுதுன்னா உங்க நண்டுலதான் கோளாறு.”

எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொன்றையும் வயிற்றை அமுக்கிப் பார்த்து நானே பொறுக்கியது.

“வுட்டுடு மே. இங்கியே மார்க்கெட்ல போட்டுகினு இருக்கலாம்” என்றார் வீட்டுக்காரர்.

“யோவ், அது எத்தினி மணி நேரம் தாங்கும்னு நமக்கே தெரியாது. தெரிஞ்சிக்காம எப்டி வுடறது?”

மறுநாளே பன்னிரண்டு நண்டை அதே மாதிரி தெர்மாகோல் பெட்டியில் ஈரச் சாக்கு போட்டு மூடி, சமையலறையில் வைத்தேன். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. திறந்தபோது பன்னிரண்டும் கண்ணைத் தூக்கிப் பார்த்தன. அப்படியென்றால் விமானம் கொல்லவில்லை.

முதல் லோடை மீனம்பாக்கத்துக்கு எடுத்துப்போன வண்டிக்காரரைப் பிடித்தேன். முதலில் மழுப்பினார்.

“ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரி லைன்ல மாட்டிகினேன்கா. திருவொத்தியூர் தாண்டவே மூணு மணி நேரம். உச்சி வெயிலு வேற.”

எண்ணூரிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்த நேரத்தில் விமானம் சிங்கப்பூரிலேயே இறங்கியிருக்கும். அத்தனை நேரமும் பெட்டிகள் வெயிலில் வெந்திருக்கின்றன.

அடுத்த தடவை விடியும்போதே கிளம்பினோம். கடலோர ரோட்டை விட்டுவிட்டு மணலி, மாதவரம், பைபாஸ் என்று சுற்றிப் போகச் சொன்னேன். தூரம் அதிகம்தான், ஆனால் வண்டி எங்கேயும் நிற்கவில்லை. பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே பெட்டிகளோடு நானும் உட்கார்ந்து, சாக்கு காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனேன். முட்டி மரத்துவிட்டது.

சரக்குக் கொட்டகையில் ஏஜெண்டு பெட்டிகளை வெயிலில் சுவரோரமாக இறக்கச் சொன்னார்.

“உள்ள நெழல்ல வைங்க சார்.”

“வைப்பாங்கம்மா, நீங்க கெளம்புங்க.”

“வெச்சப்பறம் கெளம்பறேன்.”

ஒரு மணி நேரம் நின்றேன். ஏஜெண்டு என்னை முறைத்துக்கொண்டே ஆளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் உள்ளே தூக்கி வைக்கச் சொன்னார். கடைசிப் பெட்டி போன பிறகுதான் நகர்ந்தேன்.

சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து வீடியோ வந்தது. பெட்டிக்குள் கால்கள் பரபரவென்று அசைந்தன. வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி நாலு தடவை போட்டுப் பார்த்தார். ஆறு நண்டு மட்டும் செத்திருந்ததாம். அவற்றையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆறுமே அடித்தட்டில் நசுங்கியவை. அடுத்த லோடுக்கு ஒரு பெட்டியில் இரண்டு அடுக்குக்கு மேல் வைக்கவில்லை.