இடம் மாறிய இரும்புச் சக்கரங்கள்

பட்டறைக்காரர் இடது கையால் ஸ்பேனரை அழுத்தி டிராக்டர் சக்கரத்தில் ஒவ்வொரு நட்டாக முடுக்கிக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. பக்கவாதம் வந்து நான்கு மாதம். அவரைக் கவனிக்க வந்த நாலாவது ஆள் நான். முதல் மூன்று பேரும் வசவு தாங்காமல் ஓடிவிட்டார்கள்.

டிராக்டர் அவருடைய அப்பா காலத்தது. பின்சக்கரம் இரண்டும் இவர் முப்பது வயதில் தன் பட்டறையில் அடித்தவை. டயர் கிடையாது. மெல்லிய இரும்பு வளையம், அதன்மேல் லாரி வில்பட்டையில் வெட்டிய சாய்ந்த பற்கள். சேற்றைக் குத்தி ஏறுவதற்கென்றே செய்தது. தார் ரோட்டில் ஏற்றினால் ரோடு கிழிந்துவிடும். சண்டையே அதனால்தான். எதிர்வீட்டிலிருக்கும் தம்பிக்கு டிராக்டரில் பாதி பங்கு. அவருக்கு ரப்பர் டயர் மாட்டி ரோட்டில் ஓட்ட வேண்டும்.

சக்கரங்களைக் கழற்றிக் கிரீஸ் வைத்து மெக்கானிக் அன்றைக்குத்தான் திரும்ப மாட்டினார். மாட்டும்போதே தயங்கினார்.

"ஐயா, இது அந்தப் பக்கத்துச் சக்கரம் மாதிரி தெரியுதே."

"செஞ்சவன் நானா, நீயா? வாய மூடிட்டு மாட்டு."

நோய் வந்ததிலிருந்து அவருக்கு இடம் வலம் பிடிபடாது. தினமும் செருப்புக்குக் காலை மாற்றித்தான் நீட்டுவார். சரியாகப் போட்டுவிட்டால் திட்டுவார்.

"செருப்பு மாதிரி சக்கரமும் மாறிடுச்சு. பல்லெல்லாம் தப்பான பக்கம் சாஞ்சிருக்கு" என்றேன்.

"மாத்திரை குடுக்க வந்தவ மாத்திரையக் குடு."

தம்பி தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் வந்தார்.

"அண்ணே, உன் சக்கரத்தோட பவிசப் பாத்துருவோம். பின்பக்கச் சேத்தத் தாண்டட்டும். தாண்டலேன்னா நாளைக்கு ஒம்போது மணிக்கு கட்டிங் ஆள் வர்றான். பல்லு மொத்தத்தையும் அறுத்துப் போட்டுருவான்."

"ஓட்டுடா பாப்போம்."

தம்பியே ஓட்டினார். பாதி தூரம் போனதும் பற்கள் சேற்றை வாரி வாரி வீசின. சக்கரங்கள் அச்சு வரை இறங்கிவிட்டன. தம்பி முழங்கால் சேற்றோடு சிரித்துக்கொண்டே கரையேறினார்.

"அது தானா வெளிய வந்தா இனி அந்தச் சக்கரத்தத் தொடமாட்டேன். போதுமா?"

என்னைத் தாண்டிப் போகும்போது கேட்டேன். "மாத்தி மாட்டினது உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். நாப்பது வருசமா நான் சொன்ன எதை அவன் கேட்டான்?"

அன்று பட்டறைக்காரர் இரவுச் சாப்பாட்டைத் தட்டோடு தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஆறு மணி. செருப்போடு குனிந்தேன். இரண்டு கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எது இடது?"

தொட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் காலையே பார்த்தார்.

"அப்போ சக்கரமும் மாறித்தான் கிடக்கு."

"நேத்தே சொன்னேன்."

"சொன்னே, சொன்னே. பெரிய கண்டுபிடிப்பு. பின்னால எடுத்தா பல்லு சரியாக் குத்தும். என்னை ஏத்தி விடு."

"விழுந்தா தூக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் சேற்றில் பலகை போட்டு நடத்திப்போய் ஏற்றினேன். நோயாளிகளைத் தூக்கும் பெல்ட்டால் இடுப்பை சீட்டோடு சேர்த்துக் கட்டினேன். ரிவர்ஸ் கியர் போட்டார். பற்கள் இறங்கிக் குத்தின. டிராக்டர் உறுமிக்கொண்டு பின்னாலேயே கரையேறியது. கரையில் நிற்கவில்லை. வீட்டைச் சுற்றி மண் தெருவைத் தாண்டித் தம்பி வீட்டு வேலியை முறித்துக்கொண்டு போய் வாசலில்தான் நின்றது. தம்பி வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தார்.

"கட்டிங் ஆளுக்குப் போன் போடு" என்றார் அண்ணன்.

தம்பி நுரையைத் துப்பிவிட்டுப் போன் போட்டார். வரவேண்டாம் என்று சொன்னார். பிறகு அண்ணன் முகத்தைப் பார்க்காமல் முறிந்த வேலிக்கழிகளைப் பொறுக்கினார்.

நான் பெல்ட்டை அவிழ்த்து மாத்திரையைக் கொடுத்து, மெக்கானிக்கை வரச் சொன்னேன். சக்கரங்களை இடம் மாற்றி மாட்டியதும் சாக்பீஸால் ஒன்றில் 'இடது' என்றும் மற்றதில் 'வலது' என்றும் எழுதினேன். செருப்பிலும் எழுதினேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று பட்டறைக்காரர் திட்டினார்.