பரீட்சை வரைக்கும் வாக்குக் கொடுத்தவள்

சஞ்சனா போய்விட்டாள் என்ற செய்தி, இரண்டாம் பாடவேளை முடிந்து மணியடித்தபோது வந்தது. அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்த தோழி போனில் அழுதாள். டெங்குக் காய்ச்சலாம். நான்கே நாள். இருபத்தேழு வயது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் வந்தது பயம்தான். ஐயோ, இனி அந்தக் குழந்தைக்கு யார் என்றுதான் நினைத்தேன்.

அவளைத் தெரிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லப்போகிறேன்? பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த திருநங்கை. ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் ஸ்கூட்டியில் பள்ளி, கல்லூரி என்று சுற்றுவாள். எங்கே ஒரு திருநர் மாணவர் படிப்பை விடும் நிலையில் இருந்தாலும் அங்கே போய் நிற்பாள். அவளையே ப்ளஸ் ஒன் பாதியில் வீட்டைவிட்டுத் துரத்தியிருந்தார்கள். "நான் எழுதாத பரிட்சைய இதுகளாச்சும் எழுதோணுமுங்க டீச்சர்" என்பாள். நானோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. தேர்வறைக்குப் பறக்கும் படை வந்தால் மாணவர்களைவிட எனக்குத்தான் வியர்க்கும்.

எங்கள் பள்ளியில் ப்ளஸ் டூ படிக்கிறது அந்தக் குழந்தை. பெயரை எழுத மாட்டேன். பதிவேட்டில் ஆண். தான் பெண் என்பதை என்னிடமும் சஞ்சனாவிடமும் மட்டும் சொல்லியிருந்தது. ஜனவரியில் அரையாண்டு மதிப்பெண்ணைச் சொல்ல அதன் அப்பாவுக்குப் போன் செய்தேன். சந்தோஷத்தில் வாய் நழுவிவிட்டது. "இப்ப ரொம்ப நல்லாப் படிக்குதுங்க" என்றேன். எங்கள் பக்கத்தில், வளர்ந்த பையன் என்றால் 'படிக்கிறான்'. பெண்பிள்ளையைத்தான் 'படிக்குது' என்போம். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க டீச்சர், பையனப் போயி படிக்குதுங்கறீங்க?" ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பாழாய்ப்போன வாய், அப்போது பார்த்து ஒட்டிக்கொண்டது. ஏற்கெனவே சந்தேகத்தில் இருந்த மனிதர், என் மௌனத்திலேயே புரிந்துகொண்டார்.

மதியத்துக்குள் தறியை நிறுத்திவிட்டுச் சோமனூரிலிருந்து வந்துவிட்டார். நான் சஞ்சனாவைக் கூப்பிட்டுவிட்டு ஆசிரியர் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெட்கம்தான், ஆனால் நின்றேன். அவள் அவரை எதிரே இருந்த டீக்கடைக்கு அழைத்துப் போனாள். பிறகு நானும் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவர் கையை ஓங்கியிருந்தார். அவள் நகரவில்லை. "அடிக்கோணும்னா என்னைய அடிச்சுக்குங்கண்ணா. அந்தப் புள்ள பரிட்சை எழுதட்டுமுங்க."

"எங்கியாச்சும் ஓடிப்போயிட்டா?"

"பரிட்சை வரைக்கும் உங்க ஊட்டுலதான் இருக்கும். நான் பொறுப்புங்க. முடிஞ்சதும் உக்காந்து பேசலாம்."

ஓங்கிய கையை இறக்கினார். "இந்தப் பொண்ணு சொல்றதுக்காக உடறேன்" என்று எழுந்து போனார். பொண்ணு என்றார். தாம் சொன்னதை அவரே கவனித்தாரோ என்னவோ.

அவர் போன பிறகு பார்த்தால், அவள் கையில் டீ கிளாஸ் தடதடவென்று ஆடுகிறது. "உனக்குமா கண்ணு பயம்?" என்றேன். "எனக்குப் பயமில்லைன்னு யாருங்க சொன்னது? ரெண்டு காலும் ஓடு ஓடுன்னுச்சு. வாய் மட்டும் கேக்கல" என்று சிரித்தாள். அன்று முதல் தினமும் சாயங்காலம் அந்தக் குழந்தை பஸ் ஏறும்வரை கூடவே நின்றாள்.

நேற்று அந்த அப்பா மறுபடி வந்தார். "அந்தப் பொண்ணு செத்துப்போச்சாமா?" என்றவருக்குக் கண் கலங்கியது. ஆனால் வந்த காரியம் வேறு. "வாக்குக் குடுத்தவங்களே போயிட்டாங்க. இனி யார நம்பி உடறதுங்க? காங்கேயத்துல எண்ணெ மில்லு வேலைக்கு அனுப்பிப்போடறேன். பரிட்சையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." அந்தக் குழந்தை புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தது.

"நான் இருக்கேனுங்க" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"நீங்களா?" என்று ஏற இறங்கப் பார்த்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

"திங்கக்கெழம மொதப் பரிட்சை. கேட்டுல நானே நிப்பேன். நீங்களே கூட்டிட்டு வந்து உடுங்க. சாயங்காலம் நானே பஸ் ஏத்தி உடறேன்." பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளையோடு வருவாரா, வராமலே இருந்துவிடுவாரா, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சண்டைக்கு வருவாரா, எனக்குத் தெரியாது. சஞ்சனாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் குழந்தையும் இந்தத் திங்கட்கிழமையும்தான். அவளைத் தெரிந்தவர்களே, மாலையும் பேனரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். திங்கள் காலை ஒன்பது மணிக்குப் பள்ளி கேட்டுக்கு வந்துவிடுங்கள். தனியாக நிற்க எனக்குப் பயமாக இருக்கிறது.