கேட்டை மறித்த பச்சைக் கார்

இரண்டு மாதமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். ஊருக்குப் போயிருப்பேன் என்று ஒருவர். எழுத விஷயம் தீர்ந்துபோயிருக்கும் என்று இன்னொருவர்.

இரண்டும் இல்லை. முதலில் ஆஸ்பத்திரியிலும் பிறகு வீட்டிலுமாக இருந்தேன் – என் வீட்டுக்காரருக்குத் துணையாக. இப்போது அவர் நலம். அதனால்தான் கோபப்பட எனக்குத் தெம்பு வந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் லோகநாதன், ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுதுபார்க்கிற சூப்பர்வைசர். குடி கிடையாது. சீட்டாட்டம் கிடையாது. "நீ குடுத்து வெச்சவக்கா" என்று என் தங்கை சொல்வாள். அவள் எங்கள் வீட்டுப் போர்ச்சைப் பார்த்து நாளாகிறது.

அங்கே இரண்டு ஜெர்மன் கார்கள் நின்றன. இரண்டும் எங்கள் மூத்த மகளைவிட மூத்தவை. உள்ளே நிற்பது சாம்பல் நிறம், நான்கு கதவு – நல்ல நாளில் ஓடும். கேட்டை ஒட்டி நிற்பது பச்சை நிறம், இரண்டு கதவு – எந்த நாளிலும் ஓடாது. ஏனென்றால் அதில் எஞ்சினே இல்லை. பெரிய டர்போ பூட்டுவதற்காகக் கழற்றி, ஜெலாப்பாங்கில் ஒரு நண்பரின் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பியிருந்தார். எப்போது? தீபாவளிக்கு முன்னால். எந்தத் தீபாவளி என்று மட்டும் கேட்காதீர்கள்.

என்னுடைய மைவி? அது தினமும் ஓடுகிற கார். ஆகவே அதற்குத் தெருவில் மாமரத்தடி, காக்கை எச்சம், மழை, வெயில்.

பச்சைக் காரை அவர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் கண்டுபிடித்தார். இப்போது அங்கே ரப்பர் இல்லை, முழுக்கச் செம்பனை. மேனேஜர் பங்களா இருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் இந்தக் கார். பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த இவரைக் கையிலேயே கொத்தியது. அந்தக் கோழிக்கு இருந்த அறிவு...

சரி, விடுங்கள்.

வந்த நாளிலிருந்து அதற்கு ஒரே சீர்வரிசைதான். பழைய சக்கரம் போய்ப் புதுச் சக்கரம். பழைய சைலன்சர் போய், பக்கத்துத் தெருக் குழந்தையை எழுப்புகிற சைலன்சர். பிறகு ஸ்பிரிங்கை மாற்றி, காரையே தரையோடு தரையாக இறக்கினார். புந்தோங் சாலை மேட்டில் ஒரு முறை அடி உரசிய சத்தம் எனக்குப் பல்லில் கேட்டது.

"ஏங்க, எதுக்குங்க இவ்ளோ கீழ எறக்கணும்?"

"அப்பத்தான் வளைவுல கார் ஆடாது. ஒனக்குப் புரியாது லா. அந்தக் காலத்து ஜெர்மன் காரு எஞ்சினியர் செஞ்சது. இப்ப வர்றத கம்ப்யூட்டர் செய்யுது."

எஞ்சினியர் செய்ததை நீங்கள் ஏன் இத்தனை வருஷமாகப் பிரித்து மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள்? கேட்டேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நடந்தது ஒரு சனிக்கிழமை காலை. நான் உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் பச்சைக் காரின் பானெட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று சத்தமே இல்லை. ஸ்பேனர் சத்தம் நின்றால் டீ வேண்டும் என்று அர்த்தம். எட்டிப் பார்த்தேன்.

முன்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை. முகம் சாம்பலாக இருந்தது.

"நெஞ்ச அடைக்குது," என்றார். "கைகூட ஒரு மாதிரி இருக்கு."

மீன் கையோடு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். பக்கத்து வீட்டுக் காதர் பாய் சத்தம் கேட்டு ஓடி வந்தார். புந்தோங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. அதுவரை எல்லாம் சரி.

பிறகுதான் எல்லாரும் கேட்டைப் பார்த்தோம்.

பச்சைக் கார் மூக்கை வெளியே நீட்டி, குறுக்காக, கேட் தூணை முட்டிக்கொண்டு நின்றது. தூணுக்கும் காருக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு. நாங்கள் மாதக்கணக்கில் அப்படித்தான் நண்டு மாதிரி போய்வந்தோம். ஆம்புலன்சில் வந்த மலாய்க்காரப் பெண்ணும் அப்படியே நுழைந்து, இவரைச் சோதித்துப் பார்த்தார். நடக்கவே கூடாது, படுக்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்.

ஸ்ட்ரெச்சர் எப்படி உள்ளே வரும்?

"கார தள்ளுவோம்," என்றார் காதர் பாய். தள்ளினார். நகரவில்லை. ஸ்டீயரிங் பூட்டிக் கிடந்தது. சாவி? எஞ்சினோடு ஜெலாப்பாங் போய்விட்டது.

"ஜாக்கி குடுத்துத் தூக்கலாம்." தன் வேனிலிருந்து ஜாக்கியை எடுத்து வந்தார். அது காருக்கு அடியில் நுழையவே இல்லை. எப்படி நுழையும்? அதைத்தான் செலவு செய்து தரையோடு இறக்கி வைத்திருக்கிறாரே.

என் வாழ்க்கையில் ஒரு பொருளை அவ்வளவு வெறுத்ததில்லை.

எதிர்வீட்டில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த ஆட்களை பாய் கூப்பிட்டார். மூன்று நான்கு பேர் சிமெண்டுக் கையோடு ஓடி வந்தார்கள். "முன்பக்கம் எஞ்சின் இல்ல லா, வெயிட் இருக்காது. கையாலயே தூக்கி நகத்திரலாம்," என்றார் பாய். எல்லாரும் குனிந்து பிடித்தார்கள்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"மட்கார்டுல கை வெக்காதீங்க... அமுங்கிரும். அடியில இரும்புக் கட்டை இருக்கு, அதப் புடிங்க."

மூக்கில் ஆக்சிஜன். நெஞ்சில் வயர்கள். இந்த மனிதர் காருக்கு வழி சொல்கிறார்.

"ஜாங்கான் சாக்காப், அபாங்," என்றார் அந்தப் பெண். பேசாதீங்கண்ணே என்று. எவ்வளவு மரியாதையாகச் சொன்னார். நான் அவ்வளவு மரியாதையாக இல்லை.

"ஒடஞ்சா ஒடையட்டும், தூக்குங்க," என்று கத்திக்கொண்டு நானும் போய் முன்னால் பிடித்தேன். என் பலம் முழுக்கச் சேர்த்து இழுத்தேன். பம்பர் கையோடு வந்துவிட்டது.

சாதாரண பம்பர் இல்லை அது. ஜெர்மனியிலிருந்து யாரோ ஒரு நண்பர் மூலமாக வரவழைத்து, பெட்டியைப் பிரிக்கும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டியது. நான் அதைத் தெருவில் வீசினேன். திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு கணம் எனக்கு உயிரே போய்விட்டது. நெஞ்சுவலியால் மூடினாரா, பம்பரால் மூடினாரா? ஓடிப் போய்க் கன்னத்தைத் தட்டினேன். "இருக்கேன்," என்றார் கண்ணைத் திறக்காமலே.

அதற்குள் வெளியே காரின் மூக்கைத் தூக்கி மறுபக்கச் சுவரோரம் வைத்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தது. வெளியே போனது. நானும் மீன் வாடையோடு ஏறிக்கொண்டேன்.

இரத்தக் குழாயில் அடைப்பு. அடைப்பை எடுத்துவிட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். நான் மீதியைக் கேட்கவில்லை. கேட்டால் தாங்க முடியாது.

மறுநாள் அவர் நன்றாகக் கண் விழித்தார். என் கையைப் பிடித்தார். முப்பது வருஷத்துக்குப் பக்கமாகக் குடும்பம் நடத்தியவர். ஏதோ சொல்ல வருகிறார் என்று குனிந்தேன்.

"பம்பர்... ஒடஞ்சிருச்சா, இல்ல கழண்டுதான் வந்துச்சா?"

கையை உதறிவிட்டு எழுந்து வெளியே போனேன். தண்ணீர் பாட்டில் விற்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். வலி, கோபம், நிம்மதி – எது எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. யாரோ ஒரு சீன அம்மா என் முதுகைத் தடவிவிட்டு டிஷ்யூ கொடுத்தார். அவர் வீட்டுக்காரர் எந்தப் பழைய சாமானைச் சேர்க்கிறாரோ.

அவருடைய கார் நண்பர்கள் பார்க்க வந்தார்கள். நோயாளிக்கு ஆரஞ்சு வாங்கி வருவார்கள், ஹார்லிக்ஸ் வாங்கி வருவார்கள். ஒருவர் டர்போவுக்கான ரப்பர் குழாயைப் பேப்பரில் சுற்றி எடுத்து வந்தார். "சந்தோஷப்படுவாருன்னுதான் அக்கா," என்றார். உண்மைதான், சந்தோஷப்பட்டார். அதுதான் எனக்கு எரிச்சல்.

வீட்டுக்கு வந்ததும் ஒரே வாக்கியம்தான் சொன்னேன். "பச்சக் கார் போவணும்."

சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "சரி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கி நீ கத்துனது கேட்டுச்சு. பயந்துட்டேல்ல?" என்றார்.

பயந்தேனா? என்ன கேள்வி இது? பதிலுக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டார்.

வாங்க ஆட்கள் வந்தார்கள். ஒருவர் பாகம் பாகமாக அறுத்து விற்கப் போகிறேன் என்றார் – அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் இவர் அனுப்பினார். இன்னொருவர் மஞ்சள் பெயிண்ட் அடிக்கப் போகிறாராம். அவரும் போனார். இப்படியே போனால் கார் என் வீட்டிலேயே கிழடாகிவிடும் என்று நினைத்தபோது, ஒரு சாயங்காலம் காதர் பாய் தயங்கித் தயங்கி வந்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கி கையில தூக்குனேன்லா... அப்பவே மனசுல ஒக்காந்துருச்சு. நானே வச்சுக்கவா?"

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நல்ல இடத்தில் பெண் கொடுத்த அப்பா மாதிரி.

இப்போது பச்சைக் கார் பக்கத்து வீட்டுப் போர்ச்சில் நிற்கிறது. இவரும் சாயங்காலமானால் அங்கேதான் நிற்கிறார். கனமானது எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாயைத் தூக்கச் சொல்கிறார். பம்பரை மறுபடி மாட்டிவிட்டார்கள். கழன்றுதான் வந்ததாம், உடையவில்லை. எனக்கு அதிகாரப்பூர்வமாகத் தெரிவிக்கப்பட்டது.

நேற்று பாயின் மனைவி ஜமீலா வந்து என் சமையலறையில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அக்கா, இத்தன வருஷம் எப்புடிக்கா தாஹான் பண்ணீங்க? வெள்ளிக்கிழம தொழுதுட்டு நேரா காருக்கு அடியில போயிட்டாரு."

எப்படித் தாங்கினேன்? எனக்கே தெரியாது. டீ போட்டுக் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கிற வரை யோசித்தேன்.

"கார விக்கச் சொல்லாத ஜமீலா, கேக்க மாட்டாரு," என்றேன். "ஸ்ட்ரெச்சர் போறதுக்கு மட்டும் வழி விடச் சொல்லு."