நூர்முகம்மது பாயின் நரம்புக் குச்சி

கலியமூர்த்தி ஆசாரியின் பொன் தராசுத் தட்டில் தூண்டில் நரம்பை நட்டுக்குத்தலாக அழுத்திக்கொண்டிருக்கிறார் நூர்முகம்மது. எந்த எடைக்கு வளைகிறது என்று பார்த்து, மூங்கில் குச்சியின் நுனியில் கட்டுவார். "பொன்னு வைக்கிற தட்டுல மீன் நாத்தம் அடிக்கிது பாய்!" என்று ஆசாரி கத்துவது தினப்படி. கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் வாங்கிய நைலான் நரம்பு. நாற்றம் இருக்கத்தான் செய்யும்.

சிதம்பரத்தில் ஒரு குஷ்டநோய் மருத்துவமனையில் பாய் சோதனை உதவியாளர். தோலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பஞ்சால் தொட்டுப் பார்ப்பது வழக்கம். ஆளுக்கொரு அழுத்தம், ஆளுக்கொரு முடிவு. நரம்பு அப்படியல்ல, யார் அழுத்தினாலும் ஒரே எடையில் வளைந்துவிடும். சீமையில் இதற்கென்றே கருவி இருக்கிறதாம். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். பாயின் குச்சிக்கு ஒரு டீ செலவு. "ஜாஸ்தின்னா ரெண்டு டீ" என்பார்.

கருவி சரி, மனிதர்கள்தான் அவர் உயிரை வாங்குகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிந்தால் சொல்லுங்கள் என்றால் அரைக்கண்ணால் பார்ப்பார்கள். குச்சி கிட்டே வருவதற்குள் "தெரியுது, தெரியுது!" என்று கூவுவார்கள். "என்னாத்த தெரியுது? நான் தொடவே இல்லியே!" என்று தலையில் அடித்துக்கொள்வார். கீரப்பாளையத்தில் ஒருவர், பாய் மனசு நோகக்கூடாதென்று அப்படிச் சொன்னாராம்.

புவனகிரி பஸ் நிறுத்தத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் ரத்தினம்மாள் இதில் மகா கெட்டிக்காரி. முன்கையில் வெளிறிய படை. எப்போது போனாலும் 'தெரியுது'தான்.

"ஊருக்குத் தெரிஞ்சா எங் கையால யாரு பாய் இட்லி திம்பாங்க?"

"மாத்திர முழுங்குனா வெரலு தப்பிக்கும்க்கா. மறச்சா வெரலே போயிடும்."

கேட்டால்தானே!

நேற்று அந்தப் படைமேலேயே ஒரு பெரிய கொப்புளம். "எப்பக்கா வெந்திச்சி?" என்று கேட்டார்.

"தெரியலியே பாய்."

பாய்க்கு வந்ததே கோபம்! "கை வெந்தது தெரியல, நரம்பு மட்டும் தெரியுதாக்கும்?"

ரத்தினம்மாள் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். கையை நீட்டி, முதல்முறையாகக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். கொப்புளத்தை விட்டுத் தள்ளி மெல்லிய நரம்பை வைத்தார். சத்தமில்லை. அடுத்ததை வைத்தார். பேச்சில்லை. இருப்பதிலேயே தடித்த நரம்பு அவள் தோலில் வில்லாக வளைந்து நின்றது. பொய் சொல்லாதே என்று எத்தனை பேரை அதட்டியிருப்பார்! இவள் ஒரே ஒரு பொய் சொல்லித் தொலைக்கக்கூடாதா என்று இப்போது இருந்தது.

"என்னா பாய், இன்னும் ஆரம்பிக்கலியா?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

பாய் குச்சியை பெஞ்சின்மேல் போட்டுவிட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.