சாரம் ஏறாமல் செஞ்சிக்கு வர்ணம் அடித்த எங்கள் அக்கா

முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர்களுக்கும், அக்காவோடு தொழில் செய்த மேஸ்திரிமார்களுக்கும், அக்காவை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுத்த செஞ்சிப் பெருமக்களுக்கும் பணிவான வணக்கம்.

அட்டையில் அக்காவின் முழுப் பெயரும் படமும் இருக்கின்றன. பிறந்ததிலிருந்து நான் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்ததே இல்லை. அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். நான் அரசுப் பேருந்தில் நடத்துநர். டிக்கெட் கிழித்துப் பழகிய கை இது. கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அனந்தபுரத்தை அடுத்த சிற்றூரில், மானாவாரியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுப் பிழைத்த குடும்பத்தில் அக்கா மூத்தவராகப் பிறந்தார். நான் கடைசி. அம்மா களை எடுக்கப் போனால் எனக்குச் சோறு ஊட்டியதும், தலை வாரியதும், அனந்தபுரம் சந்தைக்கு இடுப்பில் தூக்கிப் போனதும் அக்காதான். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினார். ஆசிரியர் பயிற்சிக்குப் போக ஆசைப்பட்டார். அந்த வருடம் மழை பொய்த்தது. படிப்பு அதோடு நின்றது. அதைப் பற்றி அக்கா பிற்பாடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

செஞ்சியில் பெயின்டராக இருந்த மாமாவுக்கு அக்காவைக் கொடுத்தார்கள். "கையில தொழில் இருக்குது. பொண்ண பசிக்க வுடமாட்டான்" என்றார் எங்கள் நைனா. அது உண்மைதான். மாமாவின் கைக்கு ஊரில் நல்ல பெயர். ஆனால் அவர் ஒரு நேரத்தில் ஒரு வீட்டைத்தான் எடுப்பார். சுவரைச் சமப்படுத்தப் பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பிரைமர், பெயின்ட் எல்லாம் அவர் கையாலேயே நடக்க வேண்டும். அவரைத் தேடி வந்த வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் காத்திருக்க முடியாமல் வேறு ஆளிடம் போனார்கள்.

அக்காவின் மகள் பள்ளியில் சேர்ந்த வருடம், புதுவீடு ஒன்றின் மாடிச் சுவருக்கு வெளிப்பூச்சு அடிக்கும்போது சாரத்தின் கட்டு அவிழ்ந்து மாமா கீழே விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இனி ஏணி ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாமா கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். யார் வந்து பேசினாலும் திரும்பவில்லை.

அந்த வீட்டுக்காரர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நல்ல மனிதர். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துக்கொள்கிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அக்கா காபியைக் கொடுத்துவிட்டு நின்றபடியே சொன்னார்.

"வேற யாருக்கும் குடுக்காதீங்க சார். நாங்களே முடிச்சித் தர்றோம்."

"யாரும்மா செய்வாங்க?"

"ஆள் நான் கொண்டாறேன். வேலைக்கு நான் பொறுப்பு."

மறுநாள் காலையில் மேல்மலையனூர் பேருந்தில் ஏறினார். நான் அந்தத் தடத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கே போகிறாய் என்று கேட்டேன். "ஏழுமலை மேஸ்திரியைப் பாக்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழுமலை மேஸ்திரி மலையனூர்ப் பக்கத்துக்காரர். நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு பெயின்ட் வேலை செய்பவர். மாமாவுக்குத் தொழிலில் போட்டியாளர்.

அங்கே நடந்ததை மேஸ்திரியே பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். அக்கா வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டாராம். "இன்னாம்மா, பொம்பள கிட்ட கூலிக்கு வரச் சொல்றியா?" என்றாராம்.

"கூலிக்குக் கூப்புடல மேஸ்திரி. அந்த மாடிய நீங்க மொத்தமா எடுத்துக்குங்க. உங்க ஆளு, உங்க வேலை. உங்கள நான் அதட்ட மாட்டேன். சாமான் வாங்கிப் போடுறது, வூட்டுக்காரர் கிட்ட பேசுறது, முடிஞ்சப்புறம் பாத்து வாங்கிக்கிறது, இது மட்டும் என்னுது."

"நல்லா இல்லன்னா?"

"நல்லா ஆவுற வரைக்கும் செய்வீங்க."

மேஸ்திரி மறுநாளே ஆட்களோடு வந்து இறங்கினார். வேலை குறித்த நாளுக்கு முன்னமே முடிந்தது. கிரகப்பிரவேசத்தன்று வீட்டுக்காரர் தாம்பூலத் தட்டில் வேட்டி துண்டு வைத்து அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கவில்லை. பின்னால் கும்பலில் நின்றிருந்த மேஸ்திரியை முன்னே அழைத்து, "இவருதான் சார் செஞ்சாரு, இவருக்குக் குடுங்க" என்றார். அதற்குப் பிறகு அக்கா எடுத்த எந்த வீட்டிலும் அந்தத் தட்டு, வேலை செய்த மேஸ்திரிக்குத்தான் போனது.

இப்படித்தான் தொழில் மாமா கையிலிருந்து அக்காவின் பொறுப்புக்கு வந்தது. தெரியாததை மாமாவிடம் கேட்பார். கேட்கக் கேட்க மாமா சுவரைவிட்டுத் திரும்பினார். ஒருநாள் எழுந்து உட்கார்ந்து, "ஈரம் காயாம பட்டி வெச்சா அப்டியே உப்பிக்கினு வந்துடும், அவங்க கிட்ட சொல்லு" என்று குரல் உயர்த்திப் பேசினார். அன்று அக்கா அடுப்படியில் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அக்காவிடம் ஒரு குணம். தன்னிடமிருந்து வேலையை உள் காண்ட்ராக்டாக எடுத்துச் செய்தவர்களைத் தன் ஆட்கள் என்று சொல்லமாட்டார். அமாவாசை வந்தால் ஏழுமலை மேஸ்திரியின் குழுவில் ஒருவரும் வேலைக்கு வரமாட்டார்கள். அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டம் வரும். அவர்கள் வீட்டார் தேங்காய், எலுமிச்சைக் கடை போடுவார்கள். வேலை கிடக்கிறதே என்று நான் கேட்டால், "அவங்க அவங்களுக்கு முதலாளிங்கடா. அமாவாசைய கழிச்சிட்டுத்தான் நான் நாள் சொல்லியிருக்கிறேன்" என்பார்.

அந்த நாட்களில் அக்காவை நான் அதிகம் பார்த்தது என் பேருந்தில்தான். வேலை நடக்கும் ஊருக்கெல்லாம் பேருந்திலேயே போவார். முன்பக்கம் மூன்றாவது இருக்கை, மடியில் கலர் கார்டு, பையில் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு. தம்பி நடத்துநர் என்று ஒருநாளும் சீட்டு வாங்காமல் வந்ததில்லை. கூட்டத்தில் நான் திணறினால் அங்கிருந்தே, "எல்லாரும் உள்ள தள்ளி நில்லுங்க, அவன் எப்டி வருவான்?" என்று சத்தம் போடுவார்.

அந்தப் பேருந்தில்தான் அந்தச் செய்தியும் என் காதில் விழுந்தது. கடைவீதி ஜவுளிக்கடைக்காரர் வீட்டு வேலையை அக்கா எடுத்து, ஏழுமலை மேஸ்திரிக்குக் கொடுத்திருந்தார். வேலை பிடித்துப்போய், தம் தம்பி கட்டும் பெரிய வீட்டை நேராகவே செய்யும்படி கடைக்காரர் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாராம். மேஸ்திரியும் ஒத்துக்கொண்டாராம். மேஸ்திரியின் ஆட்கள் பின்னிருக்கையில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த நடையில் அக்கா ஏறியதும் சொன்னேன். அக்கா சன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். அன்று ஒருநாள்தான் சீட்டு வாங்க மறந்தார்.

மாமா கொதித்தார். நானும் போய்ச் சண்டை போடலாம் என்றேன். அக்கா மறுநாள் கடைவீதிக்குப் போய் ஜவுளிக்கடைக்காரரைப் பார்த்தார். நானும் கூடப் போனேன். அவர் சங்கடத்தோடு எழுந்து நின்றார். அக்கா சொன்னது இதுதான்: "ஏழுமலை நல்லா செய்வாருங்க, தைரியமா குடுங்க. பட்டி காயிறதுக்கு மட்டும் டயம் குடுங்க. அவசரப்படுத்தாதீங்க."

வெளியே வந்ததும் கேட்டேன், "உனக்கு வருத்தமே இல்லையாக்கா?"

"ஏன்டா இல்ல? ராவெல்லாம் தூக்கமில்ல. அதுக்காக அந்த ஆளு வேலைய கெட்டதுன்னு சொல்ல முடியுமா?"

பிறகு வந்தவை கஷ்டமான மாதங்கள். எடுத்த வீடுகள் கையில் இருந்தன. செய்ய ஆள் இல்லை. அக்கா ஊர் ஊராகப் போனார். அனந்தபுரத்தில் அஞ்சலை என்ற அம்மையாரைக் கண்டுபிடித்தார். கட்டட வேலைக்குப் போய்வந்த பெண்களை ஒன்று சேர்த்து, பட்டி தேய்க்கும் வேலையை மொத்தமாக அவரிடம் கொடுத்தார். "நானா? எனக்கு மேஸ்திரின்னு பேரா?" என்று அஞ்சலையம்மா பயந்தாராம். கதவு சன்னலுக்கு எனாமல் அடிக்க வேறு ஒரு குழு. பெயின்டுக்கு இரண்டு குழு. ஒரு குழு முடித்து வெளியேறும்போது அடுத்தது உள்ளே வரும். ஒரே நேரத்தில் நாலு வீட்டில் வேலை நடக்க ஆரம்பித்தது. ஏழுமலை மேஸ்திரி போயிருக்காவிட்டால் தொழில் இவ்வளவு பெருகியிருக்காது என்று அக்காவே பிற்பாடு சொல்லிச் சிரிப்பார்.

ஓர் ஆடி மாதம், மேஸ்திரி பேருந்தில் என்னிடம் வந்து, "அக்கா வூட்ல இருக்குதா?" என்று தலை குனிந்து கேட்டார். கூட்டிப்போனேன். ஜவுளிக்கடைக்காரர் தம்பியின் அந்தப் பெரிய வீட்டில் வீட்டார் ஆளுக்கொரு கலர் சொல்லி, அடித்த சுவரையே திரும்பத் திரும்ப அடிக்கவைத்து, கடைசியில் மனக்கசப்போடு வேலையைப் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். வாசலில் நின்றவர் எதையோ சொல்ல வாயெடுத்தார்.

"சாப்டீங்களா மேஸ்திரி?" என்றார் அக்கா.

சாப்பிட்டு முடித்தபின் மேஸ்திரி சொன்னார்: "செவுரு கிட்ட எனக்குப் பேசத் தெரியுங்க்கா. மனுசங்க கிட்ட பேச வரல. நீயே பேசிக் குடு."

அக்கா அந்த வீட்டுக்குப் போய் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கலரை முடிவு செய்தார். மேஸ்திரி வேலையை முடித்தார். தட்டும் அவருக்கே கிடைத்தது. அதன்பின் அவர் எங்கும் போகவில்லை. தனக்கு நேராக வரும் வேலையையும் அக்காவிடமே கொண்டுவந்து கொடுத்தார்.

அக்காவுக்குக் கோபம் வரும். அதையும் எழுத வேண்டும். ஓரத்தில் டேப் ஒட்டாமல் அடித்து டைல்ஸில் சொட்டியிருந்தால் அந்த வீதியே கேட்கும்படி திட்டுவார். அஞ்சலையம்மா ஒருமுறை அழுதுகொண்டே போய்விட, அன்று மாலையே அக்கா அனந்தபுரத்துக்குப் போய்ச் சமாதானம் செய்து கூட்டிவந்தார்.

ஓய்வு என்பதே கிடையாது. பொங்கலுக்கு முன் வேலை குவியும். தையில் கல்யாணங்கள். ஆடியில் வேலை குறைந்தால் புதுக் குழு தேடிக் கிளம்பிவிடுவார். எந்த வீட்டு மாடியில் நின்றாலும் ராஜகிரிக் கோட்டை மலை தெரியும். "மலையடியிலயே இருந்துட்டு ஒருவாட்டி கூட மேல ஏறலன்னா சிரிப்பாங்கடா. இந்தத் தை போவட்டும், நீயும் நானும் ஏறுவோம்" என்பார். எத்தனையோ தை போயின. இப்போது எனக்கு வார விடுமுறை வந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. ஒருநாள் தனியாக அடிவாரம் வரை போய், ஏற மனமில்லாமல் திரும்பிவிட்டேன்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. புதுச்சேரியில் வைத்தியம் பார்த்தோம். மாமா ஊன்றுகோலோடு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். படுக்கையில் இருந்தபடியே அக்கா மேஸ்திரிமார்களை வீடியோவில் அழைத்து, "மூலையக் காட்டு... லைட்டப் போட்டுக் காட்டு" என்பார். குரல் குறைந்தபின் கையால் காட்டுவார். "எனக்கு ஒண்ணும் இல்லடா. நாலு வூடு பாதியில நிக்குது, அதுதான் டென்ஷன்" என்றார் என்னிடம். வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டோம். ஒரு காலைப் பொழுதில், மகள் கையால் இரண்டு வாய்ப் பால் குடித்தபின், அக்கா அடங்கினார்.

அன்று வேலைகளை நிறுத்திவிட்டு எல்லாக் குழுக்களும் வந்தன. ஒவ்வொரு குழுவும் ஒவ்வோர் ஊரில் வேலை செய்ததால் அவர்களில் பலர் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. தெரு அடைத்து நின்றார்கள். அக்கா இத்தனை பேருக்குச் சோறு போட்டார் என்பது எனக்கே அப்போதுதான் கண்ணில் பட்டது. அஞ்சலையம்மா தலைமாட்டைவிட்டு நகரவில்லை. ஏழுமலை மேஸ்திரியை மட்டும் காணவில்லை. காலையிலேயே அவருக்குச் சொல்லியாகிவிட்டது. உறவினர்கள் கேட்டார்கள். எனக்கும் மனம் கசந்தது.

எடுக்கும் நேரம் நெருங்கியபோது அவர் ஓடிவந்தார். கையெல்லாம் பெயின்ட்; கழுவக்கூட இல்லை.

"ஹால் செவுரு பாதியில இருந்திச்சு தம்பி. அப்டியே வுட்டுட்டு வந்தா காஞ்சப்புறம் வுட்ட எடத்துல ஜாயின்ட் தெரியும். அக்கா பாத்தா ஒத்துக்குமா? அழுதுக்கினேதான் அடிச்சேன். முடிச்சிட்டு வந்துட்டேன்" என்றார்.

மாமா கையை நீட்டினார். மேஸ்திரி தன் கையைத் துணியில் துடைக்கப் போனார். துடைக்க விடாமல் மாமா அதைப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேல செஞ்ச ஏழுமல" என்றார். அதுவரை மாமா அழவில்லை.

அக்காவின் நோய்க்காலத்தில் இரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும், புதுச்சேரிக்கும் செஞ்சிக்கும் வண்டி ஓட்டிய நண்பர்களுக்கும், என் பணியை மாற்றிக்கொண்டு உதவிய சக நடத்துநர்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த தெருவாருக்கும், பாதியில் நின்ற வீடுகளுக்காக ஒரு சொல்லும் கடிந்து பேசாமல் காத்திருந்த வீட்டுக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தொழிலை அக்காவின் மகள் ஏற்று நடத்துகிறார். மேஸ்திரிமார்கள் ஒருவரும் விலகவில்லை. அவர்களுக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதுவதற்கு முன், மேஸ்திரி அன்று அடித்துக்கொண்டிருந்த அந்த வீட்டுக்குப் போனேன். குடிவந்துவிட்டார்கள். ஹாலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அக்கா போன செய்தி வந்து சேர்ந்தபோது மேஸ்திரியின் ரோலர் எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று அந்தச் சுவரில் தேடினேன். எழுந்து கிட்டப் போயும் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.