என் கையின் இலக்கு நிறைவேறியது

அறுவைச் சிகிச்சை, மருந்து, கதிர்வீச்சு எல்லாம் முடிந்த பிறகு, ஆழ்வார்பேட்டையில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய் மறுவாழ்வுப் பிரிவுக்கு என்னை அனுப்பினார்கள். வாரத்தில் இரண்டு நாள் போய்ப் பயிற்சி செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். முதல் நாள் சாந்தோமில் ஏறிய ஆட்டோவில் 'மறுவாழ்வு' என்று சொல்லித் தொலைத்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, வூட்டுக்காரரு ரொம்பக் குடிக்கிறாரா?" என்றார். எனக்குத்தான் என்றேன். அவர் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவிட்டார். இறங்கும்போது, "வுட்ருங்கம்மா, நல்லாயிடுவீங்க" என்றார். அடுத்த நான்கு மாதத்தில் படிவத்தில் டிக் அடிக்காமல் எனக்குக் கிடைத்த ஆறுதல்களில் அதுவும் ஒன்று.

எனக்கு வலது மார்பை எடுத்திருந்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்ததால் வலது கையில் நீர் தேங்கி வீங்கிவிட்டது. ரவிக்கையின் வலது கையைப் பிரித்து வேறு துணி கொடுத்துத் தைக்கவேண்டி வந்தது. வீக்கத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கை தோளுக்கு மேல் போகவில்லை என்பதுதான் விஷயம். நான் கணக்கு டீச்சர்.

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேலாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். எங்கள் பிரின்சிபால் சிஸ்டர் நல்லவர். நல்லவர்களுக்கே உரிய குரலில், "ஜூன்ல போர்டுல எழுத முடிஞ்சா பத்தாம் வகுப்பு உங்களுக்குத்தான் மிஸ். முடியலேன்னா லைப்ரரியப் பாத்துக்குங்க, ரெஸ்ட்டா இருக்கும்" என்றார். எங்கள் பள்ளியில் லைப்ரரி என்பது இரண்டு பீரோவும் ஒரு பூட்டும். சுவரில் ஸ்மார்ட் போர்டு ஒன்று இருக்கிறது. கரண்டும் கம்ப்யூட்டர் மிஸ்ஸும் ஒரே நாளில் வந்தால் அது வேலை செய்யும். எனவே எனக்குக் கரும்பலகையின் மேல்விளிம்பு தேவைப்பட்டது. கீழிருந்து எழுதினால் முன்பெஞ்சுப் பிள்ளைகளின் தலை மறைத்து, கடைசி பெஞ்சுக்குப் பாதிக் கணக்குதான் தெரியும். கடைசி பெஞ்சுக்குத்தான் முழுக் கணக்கும் தேவை.

அங்கே இருந்த பிசியோ பெண்ணுக்கு முப்பது வயதுதான் இருக்கும். தினமும் சைதாப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவாள். முதல் நாளே, "உங்களுக்கு என்ன வேணும் ஆன்ட்டி?" என்று கேட்டாள். போர்டின் உச்சியில் எழுதவேண்டும் என்றேன். சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். என்னைச் சுவர் ஓரமாக நிறுத்தி, விரல்களைச் சுவரில் மெல்ல மெல்ல ஏற்றச் சொன்னாள். விரல் எங்கே நின்றதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதினாள். எல்லா நோயாளிகளுக்கும் அந்தச் சுவரில் கோடுகள் இருந்தன. நான் யாருக்கும் தெரியாமல் மற்ற பெண்களின் கோடுகளோடு என் கோட்டை ஒப்பிட்டுப் பார்ப்பேன். ரேங்க் போட்டே பழகிய புத்தி, வியாதி வந்தால் மட்டும் போய்விடுமா?

எங்களோடு தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு திருநெல்வேலிக்காரரும் வந்துகொண்டிருந்தார். நாக்கில் புற்று. பாதி நாக்கை எடுத்திருந்தார்கள். அவரிடமும் பிசியோ பெண் அதையேதான் கேட்டாள். கடை வாசலில் நின்று "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று கூப்பிடவேண்டும், அவ்வளவுதான் என்று அவர் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். பேச்சுப் பயிற்சி அறையிலிருந்து அவருடைய "வா"வும் "ங்க"வும் தனித்தனியாக வந்துகொண்டிருக்கும். சில நாள் இரண்டும் ஒட்டும். ஒட்டிய நாளில் காபி வாங்கித் தருவார்.

இப்படி நாங்கள் பாட்டுக்குத் தேறிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் மருத்துவமனைக்குத் தரச்சான்றிதழ் வாங்கும் ஆசை வந்தது.

முதலில் ஒரு குவாலிட்டி ஆபீசர் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், பேச்சில் பணிவு. இதற்கு முன் ஏதோ கார் கம்பெனியில் இதே வேலை பார்த்தவராம். அடுத்து, சுவரெல்லாம் நோட்டீஸ் வந்தது. கை கழுவுவது எப்படி, தும்முவது எப்படி, தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது. முட்டி மடங்காத ஒரு பாட்டையா அந்த ஓடும் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் நாற்பது நிமிடப் பயிற்சியில் இருபது நிமிடம் ஃபைலுக்குப் போனது. பிசியோ பெண் ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டைப் அடிப்பாள். என் கையைப் பற்றி எழுதும் வேலையில் என் கையைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

பள்ளிக்கூட இன்ஸ்பெக்‌ஷன் எத்தனையோ பார்த்தவள் நான். பாம்பின் கால் பாம்பறியும். முந்தின வாரம் சார்ட் ஒட்டுவது, உடைந்த பெஞ்சை மாடிப்படிக்கு அடியில் தள்ளுவது, மக்குப் பிள்ளைகளை அன்றைக்கு லீவு எடுக்கச் சொல்வது என்று நாங்கள் செய்யாததையா இவர்கள் செய்துவிடப் போகிறார்கள் என்று கிண்டலாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தார்கள். ஒரு திங்கட்கிழமை போனபோது சுவருக்கு வெள்ளை பெயின்ட் அடித்திருந்தது. சுவர்கள் கறையில்லாமல் இருக்கவேண்டும் என்று தரவிதியில் இருக்கிறதாம். எங்கள் அத்தனை பேருடைய கோடுகளும் தேதிகளும் போய்விட்டன. பிசியோ பெண் சுவரைப் பார்த்தபடி நின்றாள். "சிஸ்டத்துல எல்லாம் இருக்குல்ல?" என்று கேட்டார் ஆபீசர். சிஸ்டத்தில் எங்கள் வருகை இருந்தது, ரத்த அழுத்தம் இருந்தது, கையெழுத்து இருந்தது. விரல் எங்கே நின்றது என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.

அந்த வாரம்தான் அவர் ஒவ்வொருவரிடமும் ஒரு தாளோடு வந்தார். "மிஸ், ஒரு சின்ன சைன். பழைய ஃபார்ம புது ஃபார்மட்டுக்கு மாத்துறோம், வேற ஒண்ணுமில்ல" என்றார். மிஸ் என்று கூப்பிட்டுவிட்டாரே! விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டுக் கொடுத்தேன். ரேங்க் கார்டைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பும் அப்பாக்களைக் கூப்பிட்டு, பெண்ணின் எதிரிலேயே வைத்து எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! அன்று நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

பத்து நாள் கழித்து, அடுத்த மாதத்துக்கு எனக்கு நேரம் ஒதுக்கவில்லையே என்று கேட்டபோது பிசியோ பெண் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். 'நோயாளி தன் சொந்த வார்த்தைகளில் கூறிய இலக்கு' என்ற இடத்தில், 'டீ கோப்பையை வாய்வரை உயர்த்துதல்' என்று இருந்தது. பக்கத்தில், 'நிறைவேறியது.' அதற்குப் பக்கத்தில், 'ஃபைல் முடிக்கப்பட்டது.' கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே அவள் கையெழுத்து. நிறைவேறாத இலக்குகள் நிறைய இருந்தால் மதிப்பெண் குறையும் என்பதால், எல்லோருடைய இலக்கையும் அவரவர் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதாகப் பார்த்து மாற்றியிருந்தார்கள். ஜவுளிக்கடைக்காரரின் இலக்கு தண்ணீர் குடிப்பது. நான் பிறந்ததிலிருந்து டீயே குடித்ததில்லை என்று கத்தினேன். நான் காபிக்காரி. கோபத்தில் இதுதான் வாயில் வந்தது.

"சொல்லிப் பாத்தேன் ஆன்ட்டி. எல்லாருக்கும் மாத்துறோம்னு சொன்னாங்க. எனக்கு ப்ரொபேஷன்" என்றாள்.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று நன்றாகத் தேறியவர்கள் என்று பத்துப் பேரை வரச் சொல்லியிருந்தார்கள். அதில் நானும் ஒருத்தி. போட்டு உடைத்துவிடுவது என்ற முடிவோடுதான் கிளம்பினேன். வந்தவர் வெளியூர்க்காரர், நரைத்த தலை, மெல்லிய குரல். எங்களை வட்டமாக உட்காரவைத்து, "இங்க வந்ததால முன்னேற்றம் இருக்குன்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். கை தூக்க முடியவில்லை என்பதற்காகவே வந்த பெண்கள் மட்டும் அதில் ஆறு பேர்.

எங்கள் பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன் பிள்ளைகளிடம் ஒரு ஏற்பாடு சொல்லிவைப்போம். கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்கவேண்டும். பதில் தெரிந்தவள் வலது கை, தெரியாதவள் இடது கை. டீச்சர் வலது கையாகப் பார்த்து எழுப்புவார். வந்த அதிகாரி மொத்த வகுப்பும் கெட்டி என்று எழுதிவிட்டுப் போவார். இங்கே யாரும் யாருக்கும் சொல்லிவைக்கவில்லை. ஆறு பேரும் எந்தக் கை எழும்புமோ அந்தக் கையைத் தூக்கினார்கள். பார்ப்பதற்கு அழகாக இருந்தது. அவர் எண்ணி எழுதிக்கொண்டார்.

நான் எழுந்து நின்றேன். "சார், என் இலக்கு நிறைவேறல" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினேன். அது தோளுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. அவர் என் ஃபைலை வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"படிச்சுப் பாத்துதானே போட்டீங்க?"

எனக்குப் பின்னால் பிசியோ பெண் நின்றுகொண்டிருந்தாள். என் கையெழுத்துக்குக் கீழே இருந்தது அவள் கையெழுத்து. ஆபீசர் எங்கேயும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று நான் சொன்னால் யார் தலை உருளும் என்று கணக்கு டீச்சருக்குத் தெரியாதா?

"படிக்கல சார்" என்றேன்.

"நீங்க டீச்சர்னு சொன்னாங்களே" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. அவமானத்தில் எனக்கு முகம் எரிந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

சான்றிதழ் வந்துவிட்டது. ஒரே ஒரு குறை சொல்லியிருந்தார்களாம்: நோயாளிகள் படிவத்தைப் படித்த பிறகே கையெழுத்திடுவதை உறுதிசெய்ய வேண்டும். உறுதிசெய்தார்கள். 'மேற்கண்ட படிவத்தை நான் படித்தேன்' என்று இன்னொரு படிவம் அச்சடித்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் அதிலும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டாராம்.

பிசியோ பெண் மட்டும், "லஞ்ச் டைம்ல வாங்க ஆன்ட்டி" என்று போனில் சொன்னாள். அவள் டிபன் பாக்ஸைப் படியில் வைத்துவிட்டு, மாடிப்படிச் சுவரில் என் விரல்களை ஏற்றுவாள். மூன்று வாரத்தில் கை காதைத் தாண்டியது. போர்டின் உச்சிக்கு இன்னும் ஒரு சாண்தான். அன்று அந்தப் படியிலேயே அழுதேன். அவளும் அழுதாள். அதற்கடுத்த வாரம் ஆபீசர் பார்த்துவிட்டார். ஃபைல் இல்லாத நோயாளி வளாகத்துக்குள் பயிற்சி செய்வது தரவிதிக்கு விரோதம், விழுந்துவிட்டால் யார் பொறுப்பு என்றார். வீட்டில் நானாகச் செய்துபார்த்தேன். எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரியாமல் இழுத்ததில் வீக்கம் கூடியதுதான் மிச்சம்.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது மானத்தை விட்டு அந்த ஆபீசர் முன் போய் உட்கார்ந்தேன். என் ஃபைலைத் திறக்க முடியுமா என்று கேட்டேன்.

"இலக்கு நிறைவேறின ஃபைல ரீஓபன் பண்ண முடியாது மேடம். சிஸ்டமே விடாது."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "அப்ப என்ன செய்யணும்? இன்னொரு பக்கத்துலயும் புற்று வரணுமா?" என்றேன்.

அவர் டேப்லெட்டில் எதையோ தட்டி, மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். முகம் தெளிந்தது. "ஆமா மேடம், அப்படின்னா புது ஃபைல் ஓபன் பண்ணலாம். பதினாறு வாரம் ஃபுல்லா கிடைக்கும்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உதவி செய்துவிட்ட திருப்தி அவருக்கு.

வெளியே வந்து லஸ் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முந்தானைக்குள் கையை விட்டு, மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி இடது மார்பை அழுத்திப் பார்த்தேன். கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் ஒரே ஒரு நொடி எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பத்தாம் வகுப்பு கைவிட்டுப் போனதைக்கூட நான் மன்னித்துவிட்டேன். அந்த ஒரு நொடிக்காக அவர்களை இன்னும் மன்னிக்கவில்லை.